பத்து ரவுண்டு ஓடினால் வேகம் வந்துவிடுமா?

வணக்கம் நேயர்களே. கால்பந்து ஆடும் பிள்ளைகளின் ஓட்ட வேகத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். வடசென்னைப் பக்கம் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவன் நான், மனதில் இருப்பதை நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒரு பையனுக்கு வேகம் போதவில்லை என்றால் நம் மைதானங்களில் அதற்கு ஒரே வைத்தியம்தான் உண்டு: "போய் பத்து ரவுண்டு ஓடிட்டு வா." அதில் கொஞ்சம் தம் கூடும், கால் களைத்துப்போகும், வேகம் மட்டும் வராது.

90 நிமிட ஆட்டத்தில் பெரிய ஆட்டக்காரர்கள் ஏறக்குறைய 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடுகிறார்கள், ஆனால் அதில் பெரும்பங்கு நடையும் மெதுவோட்டமும்தான். முழு மூச்சாகப் பாய்வது கொஞ்ச தூரம்தான், அதுவும் ஒவ்வொரு முறையும் 10, 20 மீட்டர், இரண்டு மூன்று விநாடி. ஆட்டத்தைத் தீர்மானிப்பதோ அந்த இரண்டு மூன்று விநாடிதான். ஜெர்மனியின் முதல்நிலைக் கால்பந்து லீக்கான புண்டஸ்லிகாவில் விழுந்த கோல்களை ஒவ்வொன்றாக வீடியோவில் பார்த்து 2012இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள்; கிட்டத்தட்ட 45 சதவீதக் கோல்களில், அடித்தவர் அதற்குச் சற்றுமுன் நேர்கோட்டில் பாய்ந்து ஓடியிருக்கிறார், பெரும்பாலும் காலில் பந்து இல்லாமலே.

இன்னொன்று பாருங்கள். 2009இல் பெர்லினில் உசேன் போல்ட் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடினாரே, அவருடைய உச்ச வேகம் 60 மீட்டரைத் தாண்டிய பிறகுதான் வந்தது. நம் பிள்ளைக்கு ஆட்டத்தில் 60 மீட்டர் நேர்வழி யார் விடப்போகிறார்கள்? அவனுக்கு வேண்டியது முதல் நாலைந்து அடி.

அந்த முதல் அடியைக் கிட்டே நின்று பாருங்கள். விசில் ஊதியதும் பாதிப் பிள்ளைகள் முதலில் நிமிர்வார்கள், அப்புறம்தான் ஓடுவார்கள். பாதம் உடம்புக்கு முன்னால் போய் விழும், அது பிரேக் போட்டதற்குச் சமம். இதற்கு நான் சொல்லிக்கொடுப்பது எளிது: கால்களைச் சேர்த்து நில், உடம்பை மடக்காமல் மொத்தமாக முன்னால் சாய், விழப்போகிறோம் என்று தோன்றும் அந்த நொடியில் ஓடு, தரையைப் பின்னால் தள்ளு, கை முழங்கையோடு பின்னால் வீசட்டும். நாலு முறை செய்தாலே வித்தியாசம் தெரிகிறது, பிள்ளையின் முகத்திலேயே தெரியும்.

சரி, எவ்வளவு ஓட வேண்டும்? உடம்பைச் சூடாக்கிய உடனே, பந்தைத் தொடுவதற்கு முன்னால், 10 மீட்டர் ஓட்டம் ஆறு, 20 மீட்டர் ஓட்டம் நாலு. வாரத்துக்கு இரண்டு நாள் போதும். ஆனால் ஒவ்வொரு ஓட்டமும் முழு வேகம், நடுவில் முழு ஓய்வு. ஓடிய ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு நிமிட ஓய்வு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். முழு வேகத்துக்கான எரிபொருள் தசையில் சில விநாடிகளுக்குத்தான் இருக்கிறது, செலவானதில் பாதி அரை நிமிடத்தில் திரும்பிவிடும், முழுக்கத் திரும்ப மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். பிள்ளைகள் சும்மா நிற்கிறார்களே என்று பெற்றோர் என்னிடமே கேட்டிருக்கிறார்கள். நிற்கட்டும், அந்த ஓய்வும் பயிற்சிதான். செல்போன் ஸ்டாப்வாட்சில் நேரம் கூடிக்கொண்டே போனால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுங்கள், களைத்த காலோடு ஓடினால் மெதுவாக ஓடத்தான் பழகும்.

தம் வேண்டாமா என்றால், வேண்டும். அதற்கும் ரவுண்டு தேவையில்லை, சின்ன இடத்தில் நாலுக்கு நாலு பேர், நாலு நிமிட ஆட்டம், மூன்று நிமிட ஓய்வு, இப்படி நாலு முறை. பந்தும் காலில் இருக்கும்.

நேராக ஓடினால் மட்டும் போதாது, நிற்கவும் திரும்பவும் தெரிய வேண்டும். 2023 டூரண்ட் கோப்பைப் போட்டியில் சென்னைக்காரர் நந்தகுமார் சேகர், கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணிக்காக அதே ஊர் மோகன் பகானுக்கு எதிராக அடித்த கோல் ஞாபகம் இருக்கிறதா? வலது ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி வந்து இடது காலால் அடித்தார். ஓடுகிற வேகத்தில் இடுப்பைத் தாழ்த்தி நிறுத்தத் தெரிந்தவனால்தான் இப்படி வெட்ட முடியும். வேகமாகப் பாய்கிறவர்களுக்கு பின்னந்தொடைத் தசைதான் முதலில் பிடிக்கும். அதற்கு ஒரு பயிற்சி உண்டு: முட்டி போட்டு நிற்க, நண்பன் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்து மெல்ல மெல்ல முன்னால் இறங்க வேண்டும், முடியாத இடத்தில் கையை ஊன்றலாம். ஃபிஃபாவின் '11 பிளஸ்' என்ற 20 நிமிட வார்ம் அப்பில் இதுவும் இருக்கிறது. நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண் பிள்ளைகளிடம் அதைச் சோதித்தபோது காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. செலவு ஒரு ரூபாய் கிடையாது.

பெற்றோருக்கு ஒரு விஷயம். பெண் பிள்ளைகள் 12 வயதை ஒட்டியும் பையன்கள் 14 வயதை ஒட்டியும் சட்டென்று உயர்வார்கள். அந்தச் சமயத்தில் நேற்றுவரை நன்றாக ஓடியவன் தடுமாறுவான், முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கும், குதிகால் வலிக்கும். சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள். ஓட்டத்தையும் குதிப்பதையும் குறையுங்கள், வலி விடவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். காலையில் வெறும் வயிற்றோடு அனுப்ப வேண்டாம், ஒரு வாழைப்பழமாவது கொடுங்கள். வெயிலில் ஆடி வந்தால் உப்புப் போட்ட மோர். அப்புறம் தூக்கம், 13 வயதைத் தாண்டிய பிள்ளைக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும், ராத்திரி பதினொன்றரை வரை போன் பார்த்துவிட்டு ஐந்தரைக்கு மைதானத்துக்கு வருகிற பிள்ளைக்கு நான் என்ன பயிற்சி கொடுத்தாலும் உடம்பில் ஒட்டாது.

இந்த வாரமே 20 மீட்டரை டேப் வைத்து அளந்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒவ்வொரு பிள்ளையின் நேரத்தையும் நோட்டில் எழுதி வையுங்கள். எட்டு வாரம் கழித்து அதே தரையில், அதே ஷூவில் மறுபடி ஓடவிட்டுப் பாருங்கள். வணக்கம்.