ஆல்காட் அம்மையாரின் வரவுக் கணக்கு

அவைத் தலைவர் அவர்களே, நகர்மன்றத் துணைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் கொடுத்த அண்ணாச்சி அவர்களே, எல்லாருக்கும் வணக்கம். அண்ணாச்சிக்கு இன்னொரு வணக்கம், ஃபேனும் ஓடுகிறது.

அமெரிக்க நாவலாசிரியர் லூயிசா மே ஆல்காட் பற்றி மூன்று விஷயம் பேச வந்தேன்: பிறந்த வீடு, அந்நாட்டு உள்நாட்டுப் போர்க்கால நர்ஸ் வேலை, எழுத்துக் கூலி. 1832-இல் பிறந்தவர். அப்பா பிரான்சன் ஆல்காட் தத்துவவாதி. வீட்டில் தத்துவத்துக்குப் பஞ்சமில்லை, காசுக்குத்தான். தையல், பாடம் சொல்லிக்கொடுப்பது, வீட்டுவேலை என்று இந்தப் பெண்தான் ஓடியாடிச் சம்பாதித்தார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே, எந்தக் கதைக்கு எத்தனை டாலர் வந்தது என்று டைரியில் வருஷாவருஷம் குறித்து வைத்தார்.

பாஸ்டனில் ஜேம்ஸ் ஃபீல்ட்ஸ் என்று பெரிய பதிப்பாளர். லூயிசா கதை கொண்டுபோனார். வாசித்துவிட்டு, "உனக்கு எழுத்து வராது, டீச்சர் வேலையையே பார்" என்றார் மனுஷன்! சொன்னதோடு விட்டாரா? 1862-இல் மழலையர் பள்ளி தொடங்க 40 டாலர் கடனும் கொடுத்தார். பானை நிறையத் தங்கம் கிடைக்கும்போது திருப்பித் தா என்று கிண்டல் வேறு. பள்ளி ஓடவில்லை. 1868-இல் அவருடைய 'லிட்டில் விமன்' நாவல் வந்தது, ஊரே வாங்கியது. அம்மையார் அந்த 40 டாலரைத் திருப்பிக் கொடுத்தார். பாடம் நடத்துவதைவிட எழுத்துக்குக் காசு கூட வருகிறது, இதையே பிடித்துக்கொள்கிறேன் என்றார். ஃபீல்ட்ஸும் சிரித்துவிட்டார். (கைதட்டல்)

நர்ஸ் வேலை, அங்கே அவருக்கு வந்த டைபாய்டு, அதற்குக் கொடுத்த பாதரச மருந்து எல்லாம் இன்னொரு நாள் சொல்கிறேன். காசுக்கு வருவோம். பெண்பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் எழுதுங்கள் என்று கேட்டவர் ராபர்ட்ஸ் பிரதர்ஸ் பதிப்பகத்தின் தாமஸ் நைல்ஸ். அதுதான் 'லிட்டில் விமன்'. முதல் அத்தியாயங்கள் இருவருக்குமே சப்பென்று இருந்தன. ஆனாலும் உரிமையை மொத்தமாக விற்காதே, கையில் வைத்துக்கொள் என்று அந்தப் பதிப்பாளரே சொன்னார். அந்த உரிமையில் வந்த பணம்தான் குடும்பக் கடனை அடைத்தது.

இங்கே? என் முதல் நாவலுக்கு ஒருவர் சில பிரதிகளைக் கட்டிக் கொடுத்து, "இதுதாம்மா ராயல்டி" என்றார். பெயர் வேண்டாம். ஒப்பந்தத் தாள் கேட்டால், நமக்குள்ள எதுக்கும்மா என்கிறார்கள். தங்கச்சிகளே, ஆற்றில் போட்டாலும் அளந்து போடுங்கள். எழுத்தில் ஒப்பந்தம், வருஷத்துக்கு ஒருமுறை விற்பனைக் கணக்கு, இரண்டும் வேண்டும் என்று இந்த அவையில் தீர்மானம் முன்மொழிகிறேன்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். தீர்மானத்துக்குக் கையெழுத்துப் போடும் தாள் வாசலில் டீ கேனுக்குப் பக்கத்தில் இருக்கிறது.