பழைய காரில் ஸ்குரூ இறங்கி ஒயர் அறுந்துவிட்டதா? சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். விருதுநகரிலிருந்து ஓர் அன்பர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் 1998ஆம் ஆண்டு மாருதி 800 இருக்கிறது. தரை மேட்டை (கால் விரிப்பை) மாற்றியபோது, டிரைவர் பக்கக் கதவுப்படியில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டைக்குப் பழைய ஸ்குரூ கிடைக்கவில்லை. கொஞ்சம் நீளமான ஸ்குரூ போட்டு முடுக்கினேன். அதிலிருந்து பார்க் லைட்டைப் போட்டால் ஃபியூஸ் போகிறது. பெட்ரோல் முள்ளும் எழவில்லை. பெரிய ஃபியூஸ் போட்டுப் பார்க்கலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் ஐயா. போடவே போடாதீர்கள். ஃபியூஸ் இருப்பதே ஒயரைக் காப்பாற்றத்தான். அதைப் பெரிதாக்கினால் அடுத்து எரியப்போவது ஒயர். என் பட்டறைக்கு ஒருமுறை ஓர் ஆம்னி வேன் வந்தது. ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று யாரோ சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிச் சொருகியிருந்தார்கள். மேட்டைத் தூக்கிப் பார்த்தால் ஏழெட்டு ஒயர்கள் தோல் உருகி ஒரே கட்டியாக ஒட்டிக் கிடந்தன. மேட்டின் அடிப்பக்கம் கருகியிருந்தது. பிள்ளைகள் தினமும் பள்ளிக்குப் போய்வந்த வண்டி அது. இன்று நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

உங்கள் வண்டியில் நடந்திருப்பது இதுதான். அந்தப் பட்டைக்கு அடியில்தான் பின்பக்கம் போகும் ஒயர்க்கட்டு ஓடுகிறது. ஸ்குரூவின் முனை அதற்குள் இறங்கியிருக்கிறது. பார்க் லைட் ஒயர் ஸ்குரூ வழியாக பாடியைத் தொடுகிறது; பாடி பேட்டரியின் நெகட்டிவோடு இணைந்தது, அதனால் ஃபியூஸ் போகிறது. டேங்க் மிதவையிலிருந்து வரும் ஒயர் அறுந்திருக்கிறது, அதனால் முள் படுத்துவிட்டது.

இந்த இரண்டு ஒயரைச் சரிசெய்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குக் கவலை, பக்கத்தில் பாதி அறுந்து இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும் ஒயரைப் பற்றித்தான். பிரேக் லைட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 21 வாட் பல்பு இரண்டு, ஆக 42 வாட். 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர் ஓடும். நாலைந்து இழை மட்டும் மிஞ்சியிருந்தால், பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் அந்த இடம் சூடாகும். விளக்கு எரிகிறதே என்று நீங்களும் நிம்மதியாக இருப்பீர்கள்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். நெகட்டிவில் அந்த ஆபத்து இல்லை. அடுத்து ஸ்குரூவை எடுத்துவிட்டு மேட்டை மடக்கி, ஓட்டைக்கு இருபுறமும் அரை அடிக்கு ஒயர்க்கட்டின் டேப்பைப் பிரியுங்கள். பிளேடு வேண்டாம், கையாலேயே பிரியுங்கள். பிறகு ஒவ்வோர் ஒயரையும் தனியாக எடுத்து, நகத்தில் வைத்து மெல்ல வளையுங்கள். கீறல் இருந்தால் வளைவில் வாய் திறந்து செம்பு தெரியும்.

அந்தச் செம்பின் நிறத்தைப் பாருங்கள். பளிச்சென்று இருந்தால் நல்லது. பழைய வண்டியில் மேட்டுக்கு அடியில் மழைத்தண்ணீர் தங்கித் தங்கி, செம்பு கறுத்தோ பச்சை பூத்தோ இருக்கும். அதன்மேல் பற்றவைக்கும் ஈயம் பிடிக்காது. பளபளப்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். நீளம் குறைந்தால் அதே தடிமனில் ஒரு துண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டிப் போட்டுக்கொண்டு குழம்ப வேண்டாம். ஒன்றை வெட்டி, அதை இணைத்து முடித்த பிறகு அடுத்ததைத் தொடுங்கள்.

ஈயம் வைப்பதா, கிரிம்ப் செய்வதா (சின்ன உலோகக் குழாயில் ஒயரை நுழைத்து நசுக்கி இணைப்பதா) என்று பலர் கேட்கிறார்கள். கதவுக் கீல் மாதிரி அசைந்துகொண்டே இருக்கும் இடத்தில் ஈயம் வைத்தால், ஒயர் விறைத்து ஓரத்தில் ஒடிந்துவிடும். அங்கே கிரிம்ப்தான் சரி. கதவுப்படி அசையாத இடம், ஈயமே போதும். சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவை முதலிலேயே ஒயரில் கோத்துவிடுங்கள். ஈயம் வைத்த பிறகு நினைவு வந்தால் எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டியதுதான். உள்ளே பசை உள்ள ஸ்லீவாக வாங்குங்கள், ஈரம் புகாது. வெறும் டேப்பை நம்பாதீர்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் அதன் பசை இளகி, டேப் நழுவிவிடும். இணைப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் வராமல் ஓர் அங்குலம் தள்ளித் தள்ளிப் போடுங்கள். இல்லாவிட்டால் கட்டு அந்த இடத்தில் புடைத்து, பட்டை மறுபடி நசுக்கும்.

ஷார்ட் போய்விட்டதா என்று பார்க்க ஃபியூஸ்களை வீணாக்க வேண்டாம். முன்னாலும் பின்னாலும் இருக்கும் பார்க் பல்புகள், நம்பர் பிளேட் பல்பு, அதே ஃபியூஸில் இருந்தால் மீட்டர் பல்பு, எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பேட்டரியை மாட்டி, ஃபியூஸ் இருக்கும் இடத்தில் ஒரு 21 வாட் பல்பைக் கோத்து, பார்க் லைட் சுவிட்சைப் போடுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. ஒயரை அங்கங்கே அசையுங்கள்; எந்த இடத்தில் பல்பு அணைகிறதோ அங்கேதான் கோளாறு. மல்டிமீட்டரால் பார்ப்பவர்களும் பல்புகளைக் கழற்றியாக வேண்டும். குளிர்ந்த பல்பின் இழையே ஷார்ட் மாதிரிதான் காட்டும்.

புதிய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மஞ்சள் உறை போட்ட ஒயர் கண்ணில் பட்டால் அது ஏர்பேக் ஒயர். அதில் கை வைக்காமல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.

ஸ்குரூ போட்ட ஓட்டையில் துரு ஏறாதபடி பிரைமர் தடவுங்கள். பட்டைக்குக் குட்டையான ஸ்குரூ தேடி வாங்குங்கள். மேட்டை உடனே ஒட்டிவிட வேண்டாம். இரண்டு மூன்று நாள் ராத்திரியில் விளக்குப் போட்டு ஓட்டிவிட்டு, வண்டியை நிறுத்தியதும் அந்த இணைப்புகளைத் தொட்டுப் பாருங்கள். எது வெதுவெதுப்பாக இருக்கிறதோ, அதை வெட்டிவிட்டு மறுபடி இணையுங்கள்.