1500 வாட்ஸ் சப்வூஃபரை 300 வாட்ஸ் ஆம்ப் எரித்தது எப்படி?

(திரையில்: கழற்றி வைத்த வாய்ஸ் காயில், மிக அருகில்)

இது சப்வூஃபரின், அதாவது பேஸ் சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கரின் வாய்ஸ் காயில்; ஸ்பீக்கரின் கோனை முன்னும் பின்னும் அசைக்கும் கம்பிச் சுற்று. இந்தக் காயிலை நன்றாகப் பாருங்கள். செம்பு நிறத்தில் பளபளவென்று இருக்க வேண்டியது, கருத்துப் போய், சுற்று அவிழ்ந்து கிடக்கிறது. இந்த சப்வூஃபர் வந்த பெட்டியில் 1500 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இதற்குக் கொடுத்த ஆம்ப், அதாவது சிக்னலைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபையர், வெறும் 300 வாட்ஸ். அப்புறம் எப்படி எரிந்தது? வீடியோவைப் பாதியில் மூடிவிடாதீர்கள், இது புரிந்துவிட்டால் உங்கள் காரில் இருக்கும் சப் பல வருஷம் உழைக்கும்.

வணக்கம் நண்பர்களே. முதலில் அந்த 1500. அது பீக், அதாவது கண நேரம் தாங்கும் என்று சொல்லப்படும் அளவு. அதை மறந்துவிடுங்கள். கூட வரும் தாளில் ஆர்எம்எஸ் என்று இன்னொரு எண் இருக்கும், இந்த சப்புக்கு அது 350. தொடர்ந்து தாங்கக்கூடியது அவ்வளவுதான். ஆம்ப் வாங்கும்போதும் ஆர்எம்எஸ் மட்டும் பாருங்கள். சிடிஏ-2006 என்ற முத்திரை (கார் ஆம்ப்களின் பவரை அளக்கும் தரநிலை) இருந்தால் எனக்கு நிம்மதி, ஏனென்றால் அந்த எண் 14.4 வோல்ட்டில், 4 ஓம் லோடில் (ஓம் என்பது ஸ்பீக்கர் கரண்டுக்குக் காட்டும் தடையின் அளவு), 1 சதவீதத்துக்கு மேல் டிஸ்டார்ஷன், அதாவது ஒலிச் சிதைவு இல்லாமல் அளந்தது.

சரி, 350 தாங்கும் சப்புக்கு 300 கொடுத்தால் பொருத்தம் சரிதானே? காகிதத்தில் சரிதான். இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறோம்.

நீங்கள் ஒரு சப்புக்கு 300 வாட்ஸ் கொடுத்தால் அதில் எத்தனை வாட்ஸ் ஒலியாக வெளியே வரும் என்று நினைக்கிறீர்கள்? 200? 100? சென்சிடிவிட்டி (ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எவ்வளவு சத்தம் வரும் என்ற அளவு) 86 டெசிபல் என்று போட்டிருக்கும் சப் என்றால் சுமார் கால் சதவீதம்தான், அதாவது முக்கால் வாட். ஒரு வாட் கூட இல்லை! டிக்கி அதிர்வதும், கண்ணாடி நடுங்குவதும், நெஞ்சுக்குள் இடிப்பதும் எல்லாம் அந்த முக்கால் வாட்டின் வேலை. மீதி 299 சொச்சமும் சூடு. சோல்டரிங் அயர்ன் பார்த்திருப்பீர்கள், 25 வாட்ஸ் ஈயத்தை உருக்கிவிடும். அதைப்போல பத்து மடங்குக்கும் மேலான சூட்டை, விரல் தடிமன் உயரமுள்ள ஒரு செம்புக் கம்பிச் சுற்றுக்குள் இறக்குகிறோம். அது எரியாமல் இருப்பதுதான் ஆச்சரியம். எரியாமல் இருக்கக் காரணம், பாட்டு என்பது விட்டு விட்டு வரும் சமாச்சாரம். டிரம் ஒரு இடி இடிக்கும், அடுத்த இடிக்குள் காயில் கொஞ்சம் ஆறிக்கொள்ளும், கோன் முன்னும் பின்னும் போவதால் உள்ளே காற்றும் ஓடும்.

இன்னொன்று கேளுங்கள். செம்பு சூடேறினால் அதன் ரெசிஸ்டன்ஸும், அதாவது மின்தடையும் ஏறும். 100 டிகிரி கூடினால் கிட்டத்தட்ட 39 சதவீதம். ஆக, சூடான காயில் ஆம்பிடமிருந்து குறைவாகத்தான் இழுக்கும், பேஸ் கொஞ்சம் மங்கும். நாம் என்ன செய்வோம்? "என்ன, அடி குறைஞ்ச மாதிரி இருக்கே" என்று வால்யூமைத் திருகுவோம். இன்னும் சூடு, இன்னும் மங்கல், இன்னும் திருகல். நீண்ட பயணங்களில் சப் போவது பல நேரம் இப்படித்தான்.

(திரையில்: மழமழவென்ற அலை, பக்கத்தில் உச்சி வெட்டப்பட்ட அலை)

இப்போது குற்றவாளி. ஆம்புக்கு ஒரு கூரை உண்டு. அதற்கு மேல் வோல்ட்டேஜ் கொடுக்க அதனால் முடியாது. நாம் கெயினை, அதாவது வரும் சிக்னலை ஆம்ப் எவ்வளவு பெருக்க வேண்டும் என்று வைக்கும் குமிழை, ஏற்றிக்கொண்டே போனால் அலையின் உச்சி அந்தக் கூரையில் முட்டித் தட்டையாகிவிடும். இதுதான் கிளிப்பிங். முழுக்கச் சதுரமாகிவிட்ட அலையில், அதே உயரமுள்ள ஒழுங்கான அலையைவிட இரண்டு மடங்கு பவர் இருக்கும். 300 வாட்ஸ் ஆம்ப் 600 வரை தள்ளும், நடுவே ஆறுவதற்கு இடைவெளியும் குறைந்துவிடும். 350 தாங்கும் காயில் என்ன செய்யும்? சின்ன ஆம்ப் போட்டால் சப் எரியும் என்று பலரும் சொல்வது பாதி உண்மைதான். சின்ன ஆம்பை அதன் எல்லைக்குள் ஓட்டினால் சத்தம் குறையும், வேறொன்றும் ஆகாது. போதவில்லையே என்று திருகுவதுதான் எரிக்கிறது. அதனால் நான் எப்போதும் சப்பின் ஆர்எம்எஸ்ஸுக்குச் சமமான அல்லது கொஞ்சம் கூடுதலான ஆம்ப் வாங்கி, கெயினை அடக்கி வைக்கச் சொல்வேன்.

அடுத்தது ஓம். இங்கே எரிவது ஆம்ப். டூயல் 4 ஓம் சப்பில் இரண்டு காயில் இருக்கிறது. பேரலலாக (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) இணைத்தால் 2 ஓம், சீரிஸில் (ஒன்றின் முடிவை மற்றதன் தொடக்கத்தோடு) 8 ஓம். 4 ஓம் வராது, எவ்வளவு மாற்றிக் கோர்த்தாலும் வராது. அதே சப் இரண்டு வாங்கி எல்லாவற்றையும் பேரலலாகப் போட்டால் 1 ஓம். ஆம்பின் தாளில் குறைந்தபட்சம் 2 ஓம் என்றிருந்தால், 1 ஓமில் அது இரண்டு மடங்கு கரண்ட் கொடுக்க வேண்டிவரும். நல்ல ஆம்ப் புரொடெக்ட் விளக்கைப் போட்டு நின்றுவிடும், மற்றது புகைவிடும். பிரிட்ஜ் செய்கிறவர்கள், அதாவது ஆம்பின் இரண்டு சேனலையும் சேர்த்து ஒரே சப்புக்குக் கொடுப்பவர்கள், கூடுதல் கவனம்: ஒவ்வொரு சேனலும் பாதி ஓமைத்தான் பார்க்கும், அதனால் 2 ஓம் தாங்கும் ஸ்டீரியோ ஆம்பை பிரிட்ஜ் செய்தால் 4 ஓமுக்குக் கீழே போகக் கூடாது. மல்டிமீட்டரில் அளந்தால் 4 ஓம் காயில் 3 சொச்சம் காட்டும், பயப்பட வேண்டாம், அது சரியான அளவுதான்.

ஒயர்: 300 வாட்ஸ் கிளாஸ் டி ஆம்ப் (பவரை அதிகம் வீணாக்காத வகை) முழு வேகத்தில் கிட்டத்தட்ட 27 ஆம்பியர் இழுக்கும், பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃப்யூஸ் கட்டாயம். அந்த ஃப்யூஸ் ஆம்புக்காக இல்லை, ஒயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டால் கார் தீப்பிடிக்காமல் இருப்பதற்காக. கிரவுண்ட் ஒயரைப் பெயிண்ட் சுரண்டிய வெறும் இரும்பில் இறுக்குங்கள்.

கடைசியாக கெயின். அது வால்யூம் இல்லை, தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். சப் ஒயரைக் கழற்றுங்கள். பேஸ் பூஸ்ட், ஈக்யூ எல்லாம் பூஜ்யம். இன்ஜின் ஓடட்டும், ஷட்டர் போட்ட இடத்தில் வேண்டாம், வெளியே நிறுத்துங்கள். பிளேயரை முக்கால் வால்யூமில் வைத்து 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் ஓட்டி, ஆம்பின் அவுட்புட்டில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். எத்தனை வோல்ட் வர வேண்டும்? வாட்ஸை ஓமால் பெருக்கி வர்க்கமூலம். 300 வாட்ஸ், 2 ஓம் என்றால் 600, அதன் வர்க்கமூலம் 24.5. கெயினைக் கீழிருந்து மெதுவாக ஏற்றி 24.5 வந்ததும் கையை எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் அந்தக் குமிழைத் தொடவே வேண்டாம், பேஸ் பூஸ்ட்டையும் திரும்பப் போட வேண்டாம், போட்டால் இந்தக் கணக்கு முழுவதும் வீண்.

பாட்டு ஓடும்போது கருகல் வாடை வந்தால், அந்தப் பாட்டு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே நிறுத்துங்கள்.

உங்கள் சப்பின் ஆர்எம்எஸ், காயில் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை ஓம், ஆம்ப் எந்த ஓமில் எத்தனை வாட்ஸ், இவ்வளவையும் கமெண்டில் போடுங்கள். எப்படிக் கோர்க்க வேண்டும், மீட்டரில் எத்தனை வோல்ட் வர வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் கணக்குப் போட்டுப் பதில் எழுதுகிறேன்.