பேய்ப்படத்துப் பந்தி

அவையோருக்கு வணக்கம்.

தலைவர் என்னை அறிமுகம் செய்தபோதே, "இவர் பேசி முடித்ததும் கீழே சாப்பாடு" என்று அறிவித்துவிட்டார். அப்படி ஓர் அறிவிப்புக்குப் பிறகு மேடையில் நின்று பேசுவது சிரமமான காரியம். அந்தச் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன் என்பதால் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

திகில் படங்களில் வரும் உணவைச் சமைத்துப் பரிமாறப்போகிறோம் என்றதுமே விரல் வடிவத்தில் பிஸ்கட், நகத்துக்கு ஒரு பாதாம் பருப்பு, லிச்சிப் பழத்துக்குள் திராட்சையைச் செருகிய கண்விழி, சிவப்புச் சாயம் போட்ட ஜெல்லி என்று பலர் கற்பனை செய்துகொண்டு வந்திருக்கிறீர்கள். குழந்தைகளுக்கு அது நல்ல வேடிக்கை. இன்றைய பந்தியில் அது எதுவும் கிடையாது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அருவருப்பான உணவைக் கண்டால் முகம் சுளிக்கிறோம், அவ்வளவுதான். வெளியே வந்ததும் மறந்துவிடுகிறோம். நம்மை உண்மையில் கலங்கடிப்பது, பக்குவமாகச் சமைத்து, கனிவாகக் கொண்டுவந்து, "சாப்பிடுங்கள்" என்று நீட்டப்படும் உணவு. நல்ல இயக்குநர்களுக்கு இது தெரியும். ஆகவே அவர்கள் படத்துப் பண்டத்தைச் சமைக்க நினைப்பவர், அதை ருசியாகச் சமைக்க வேண்டும்.

'சைக்கோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். மிஷ்கின் எடுத்ததைச் சொல்லவில்லை. 1960இல் வந்த ஹிட்ச்காக் படம். எல்லாரும் கதாநாயகி கத்திக்குத்துப்பட்டுச் சாகும் குளியலறைக் காட்சியைத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கு அதற்குச் சற்று முன்னால் வரும் சாப்பாட்டுக் காட்சிதான் பெரிதாகத் தெரிகிறது. அலுவலகத்துப் பணம் 40,000 டாலரோடு ஓடிவந்த மேரியன், மழையில் வழி தவறி நார்மன் பேட்ஸின் விடுதிக்கு வந்து சேர்கிறாள். நல்ல பசி. அவன் மேட்டில் இருக்கும் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைக்கிறான். அதற்கு அவன் தாயார் போடும் கூச்சல் இவள் அறை வரைக்கும் கேட்கிறது. கூனிக்குறுகி, ஒரு தட்டில் சாண்ட்விச்சும் பாலும் எடுத்துக்கொண்டு இறங்கி வருகிறான். அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் சிறிய அறையில் அவளை உட்கார வைக்கிறான். சுற்றிலும் பாடம் செய்யப்பட்ட பறவைகள். அவள் ரொட்டியைக் கிள்ளிக் கிள்ளித் தின்கிறாள். அவன் எதையும் தொடாமல் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். நீ பறவை மாதிரிச் சாப்பிடுகிறாய் என்கிறான்.

சாண்ட்விச்சில் ஒரு கோளாறும் இல்லை. பாலிலும் இல்லை. உண்மையில் அந்தச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சில்தான் அவள் மனம் மாறி, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்ற முடிவுக்கு வருகிறாள். அவளுக்கு அந்த இரவில் நடந்த ஒரே நல்ல காரியம் அந்தச் சாப்பாடு. இரண்டாம் முறை படம் பார்க்கும்போது அதனால்தான் அந்தப் பால் தம்ளரைப் பார்க்கவே முடிவதில்லை.

அந்தப் படத்தில் சமையலறை வேறு இரண்டு இடங்களில் ஒளிந்திருக்கிறது. குளியல் தொட்டியில் ஓடும் ரத்தம் சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் நிறம் பொருட்டல்ல, அடர்த்திதான் வேண்டியிருந்தது. கத்திக்குத்தின் சத்தத்துக்கு விதவிதமான முலாம்பழங்களைக் குத்திப் பார்த்தார்கள். ஹிட்ச்காக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, கசாபா என்ற வகையைத் தேர்ந்தெடுத்தார். தோல் தடித்த, சதை இறுகிய பழம் அது.

அடுத்து, கேட்டதுமே மூக்கைப் பிடித்துக்கொள்ளும் பட்டாணி சூப். 1973இல் வந்த 'தி எக்ஸார்சிஸ்ட்' படத்தில் பேய் பிடித்த சிறுமி பாதிரியார் முகத்தில் கக்குகிறாளே, அதுதான். ஆண்டர்சன் என்ற பெயரில் விற்கும் பட்டாணி சூப்பில் ஓட்ஸ் கஞ்சியைக் கலந்து குழாய் வழியாக அடித்தார்கள். நெஞ்சில் படும் என்று எதிர்பார்த்து நின்ற நடிகர் ஜேசன் மில்லரின் முகத்திலேயே அது பட்டுவிட்டது. திரையில் நாம் பார்க்கும் குமட்டல் நடிப்பல்ல. இந்தக் காட்சி என் கட்சிக்கு எதிரானது, வெறும் அருவருப்பு. ஆனாலும் சூப்பின் மேல் எனக்கு இரக்கம் உண்டு. ஒரு நல்ல ஏழை வீட்டு உணவு ஒரே காட்சியில் பெயர் கெட்டுப்போனது.

அதைச் செய்வது எளிது. உடைத்த பச்சைப் பட்டாணிப் பருப்பை ஊறவைக்கக்கூட வேண்டாம். வெண்ணெயில் வெங்காயம், கேரட், செலரித் தண்டு மூன்றையும் நிறம் மாறாமல் வதக்கி, பருப்பைக் கொட்டி, தண்ணீர் விட்டு, சிறு தீயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விட்டுவிட வேண்டும். பொங்கலுக்கு வெந்த பாசிப்பருப்பு மாதிரி தானாகக் கரைந்து வரும், மிக்சியில் அடிக்காதீர்கள். உப்பு கடைசியில். வேக வேகப் பளிச்சென்ற பச்சை போய் ஒரு மங்கிய ஆலிவ் நிறம் வரும். சிலர் அதைச் சகிக்க முடியாமல் புதுப் பட்டாணியோ கீரையோ அரைத்துவிட்டு நிறத்தைக் கூட்டுகிறார்கள். அந்த மங்கல்தான் சூப்பின் சொந்த நிறம். மிளகுத்தூள் தாராளமாகப் போடலாம். ஓட்ஸ் வேண்டாம், அது குழாய்க்காகச் சேர்த்தது.

இந்த இடத்தில் நம் பழைய சமையலறை ஒன்றைச் சொல்லாமல் போனால் தமிழ் மேடையில் நின்றதற்கு அர்த்தமில்லை. திகில் சமையலில் ஹாலிவுட்டுக்கு எண்ணூறு ஆண்டு முந்தியவர் செயங்கொண்டார். கலிங்கத்துப் பரணியில் போர் முடிந்த களத்தில் பேய்கள் கூழ் சமைக்கின்றன. செயங்கொண்டாரின் பேய்கள் ஒன்றும் அவசரப்பட்டுப் பிணத்தைக் கடித்துத் தின்பவை அல்ல. யானைத் தந்தத்தால் பல் துலக்குகின்றன, விலா எலும்பால் நாக்கு வழிக்கின்றன. செத்த வீரர்களின் பல்தான் அரிசி. யானைத் தந்தம் உலக்கை. "சலுக்கு முலுக்கெனக் குற்றீரே" என்று ஒன்றையொன்று ஏவிக்கொள்கின்றன. கேடயத்தைச் சுளகாகப் பிடித்துத் தவிடு போகப் புடைக்கின்றன. பந்தி பரிமாறும்போது சமணப் பேய் என்று ஒன்று வருகிறது. உயிர்க்கொலை ஆகாது, ஒருபோதுதான் உண்ணும். அதற்கு மயிரும் பிணமும் இல்லாமல் கூழை வடித்து ஊற்றச் சொல்கிறார் கவிஞர்! விருந்தாளியின் ஆசாரம் தெரிந்து பரிமாறும் பேய். நம் வீட்டுக் கல்யாணப் பந்தியில் எப்படி ஒரு பாட்டி நின்று கவனிப்பாரோ, அதே முறை பிசகாமல் நடக்கிறது. முறை பிசகாததால்தான் சிரிப்பு வருகிறது, அந்தச் சிரிப்புக்கு அடியில் வயிறு கலங்குகிறது.

இந்த முறை பிசகாத உபசாரத்தைத் திரையில் உச்சத்துக்குக் கொண்டுபோன படம், என்னைக் கேட்டால், 1968இல் வந்த 'ரோஸ்மேரிஸ் பேபி'. பக்கத்து வீட்டு அம்மாள் மின்னி, புதிதாகக் குடிவந்த இளம் தம்பதிக்கு இரண்டு கிண்ணங்களில் சாக்லேட் மூஸ் என்ற நுரைத்த இனிப்பைக் கொண்டுவந்து கொடுக்கிறாள். ரோஸ்மேரி இரண்டு வாய் வைத்துவிட்டு, அடியில் ஏதோ சுண்ணாம்பு மாதிரி ருசிக்கிறதே என்கிறாள். கணவன் இல்லவே இல்லை என்கிறான்; பெரியவள் உனக்காகப் பாடுபட்டுச் செய்தாளே என்று சாதிக்கிறான். அவன் இசைத்தட்டைத் திருப்பிப் போட எழுந்துபோன சமயம் மீதியை அவள் கைத்துண்டில் வழித்துவிடுகிறாள். தின்ற அளவே போதுமாக இருக்கிறது. மயக்கம் வருகிறது, அந்த மயக்கத்தில்தான் சாத்தானின் குழந்தை அவள் வயிற்றில் தங்குகிறது. மின்னியாக நடித்த ரூத் கார்டனுக்குத் துணை நடிகைக்கான ஆஸ்கர் கிடைத்தது. அந்த அம்மாளைப் பார்த்தால் சூனியக்காரி என்று தோன்றாது. தட்டை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று நினைக்கும் அக்கம்பக்கத்து மனுஷி என்றுதான் தோன்றும். கர்ப்பமான பிறகு தினமும் ஒரு கோப்பையில் பச்சிலைச் சாறு வேறு கொண்டுவருகிறாள், குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறாள்.

மூஸுக்கு வருகிறேன். நான்கு முட்டைக்கு 120 கிராம் கறுப்புச் சாக்லேட், கொஞ்சம் சர்க்கரை. கொதிக்கும் தண்ணீருக்கு மேல் கிண்ணம் வைத்துச் சாக்லேட்டை உருக்கி இறக்கி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, மஞ்சள் கருவைக் கலக்க வேண்டும். இங்கேதான் பலருக்குச் சறுக்குகிறது. சூடு அதிகமாக இருந்தால் மஞ்சள் கரு வெந்து திரிதிரியாகும். ரொம்ப ஆறிவிட்டால், வெள்ளைக்கருவைச் சேர்க்கும்போது சாக்லேட் உறைந்து மணல் மணலாக நிற்கும். வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடிக்கும்போது, கரண்டியைத் தூக்கினால் நுரையின் நுனி லேசாகத் தலை சாய வேண்டும். விறைத்து நின்றால் அதிகம் அடித்துவிட்டீர்கள். முதலில் ஒரு பங்கைச் சாக்லேட்டில் தாராளமாகக் கலந்து இளக்கிக்கொண்டு, மீதியை அடியிலிருந்து மேலாக மடித்து மடித்துச் சேர்க்க வேண்டும். குளிர்பெட்டியில் நான்கு மணி நேரம்.

அந்தச் சுண்ணாம்பு ருசியும் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். கிண்ணத்தின் அடியில் ஒரு சிட்டிகை இனிப்பில்லாத கோகோத் தூளை உலர்வாகத் தூவிவிட்டு மேலே மூஸை ஊற்றுங்கள். கடைசிக் கரண்டியில் நாக்கு வறண்டு ஒரு துவர்ப்பு ஒட்டும். சாப்பிட்டவர் உங்களை நிமிர்ந்து பார்ப்பார்.

'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' படத்தின் ஈரல் இன்னொரு விதம். 1991இல் வந்த அந்தப் படத்தில் அந்தப் பதார்த்தம் திரையிலேயே வரவில்லை. ஆண்டனி ஹாப்கின்ஸ் ஒரே ஒரு வாக்கியம் சொல்கிறார்: ஒருவனுடைய ஈரலை ஃபாவா அவரையோடும் கியாந்தி ஒயினோடும் சாப்பிட்டேன் என்று. நாவலில் அது அமரோனே என்ற ஒயின். படத்துக்காகப் பலருக்கும் தெரிந்த கியாந்தியாக மாறியது. பேசுபவன் ஹன்னிபால் லெக்டர், மனிதரைக் கொன்று தின்ற மனநல மருத்துவன். எம்.ஏ.ஓ. தடுப்பான்கள் என்ற பழைய மனச்சோர்வு மருந்துகளை உட்கொள்பவர்கள் விலக்க வேண்டியவற்றில் ஈரல், ஃபாவா, சிவப்பு ஒயின் மூன்றும் வரும். நான் மருந்து சாப்பிடவில்லை என்று அவன் குத்திக்காட்டுகிறான் என்பது ரசிகர்கள் சொல்லும் விளக்கம். படத்தில் அப்படி யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆளுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. இன்று ஆட்டு ஈரலை மெல்லியதாக அரிந்து வெனிஸ் பாணியில் நிறைய வெங்காயத்தோடு புரட்டியிருக்கிறோம். ஃபாவாவை வேகவைத்த பிறகு ஒவ்வொன்றாக உள்தோலையும் உரிக்க வேண்டும். கை ஓய்ந்துவிடும். அதைத் தவிர்க்க வழி தெரிந்தவர்கள் பிறகு என்னிடம் சொல்லுங்கள்.

சமைக்கக் கூடாத சாப்பாடும் உண்டு. 1974இல் வந்த 'டெக்சாஸ் செயின் சா மாசக்கர்' படத்து இரவு விருந்து, டெக்சாஸ் கோடையில், ஜன்னல்களை அடைத்த வீட்டுக்குள் ஒரே மூச்சில் இருபத்துநான்கு மணி நேரத்துக்கும் மேல் படமாக்கப்பட்டது. தாத்தாவாக நடித்த இளைஞர், அந்த ஒப்பனையை இன்னொரு முறை போட்டுக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டதுதான் காரணம். விளக்குச் சூட்டில் மேஜை மேலிருந்த இறைச்சி அழுகியது. குழுவினர் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தார்கள். 'ஏலியன்' படத்து மேஜையையும் விட்டுவிட்டேன். அதில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஒருவனின் நெஞ்சைப் பிளந்துகொண்டு ஒரு ஜந்து வெளியே வரும், சாப்பாட்டைக் கவனிக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

கடைசியாக ஒரு மனிதர். மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' பாட்டின் முடிவில் ஒரு கரகரத்த குரல் பேசிச் சிரிக்குமே, அவர்தான். வின்சென்ட் பிரைஸ், 1911இல் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தவர். தாத்தா பேக்கிங் பவுடர் செய்து பணக்காரரானவர். அப்பா மிட்டாய்க் கம்பெனித் தலைவர். பேரனோ வாழ்நாள் முழுக்கத் திரையில் கொலை செய்தார், வீட்டில் சமைத்தார். மனைவி மேரியோடு உலகமெங்கும் உணவகங்களில் சாப்பிட்டு, சமையல் குறிப்புகளைக் கேட்டு வாங்கி, 1965இல் கனத்த சமையல் புத்தகம் ஒன்று வெளியிட்டார். பாரிஸின் பெரிய உணவகங்களுக்கு நடுவில் லாஸ் ஏஞ்சலஸ் பேஸ்பால் மைதானத்து ஹாட் டாக்கும் அதில் சரிசமமாக உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அவரைப் பிடித்துப்போனது அதனால்தான். ஐம்பது வருடம் கழித்து 2015இல் அது மறுபதிப்பும் கண்டது. 1971இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி நடத்தினார். ஒருமுறை அமெரிக்கத் தொலைக்காட்சியில், பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குள் மீனை வைத்து வேகவைத்துக் காட்டினார்.

அந்த மனிதரே 1973இல் 'தியேட்டர் ஆஃப் பிளட்' படத்தில், தன்னைத் திட்டிய நாடக விமர்சகர்களை ஷேக்ஸ்பியர் நாடகக் கொலைகளின் பாணியில் ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டும் நடிகராக வருகிறார். சாப்பாட்டுப் பிரியரான ஒரு விமர்சகருக்குச் சமையல்காரர் வேடத்தில் வந்து, மாவுக்குள் இறைச்சி பொதிந்து சுட்ட 'பை' என்ற பண்டத்தைப் பரிமாறுகிறார். விமர்சகர் ருசித்து, ருசித்து, இன்னும் கொஞ்சம் என்று சாப்பிடுகிறார். உள்ளே இருப்பது அவர் பிள்ளைகளாக வளர்த்த பூடில் நாய்க்குட்டிகள். நிஜமாகவே சமைக்கத் தெரிந்த கை அந்தப் பையை நீட்டுவதால் அந்தக் காட்சிக்கு ஒரு தனி நம்பகம் வந்துவிடுகிறது. இன்றைய பந்தியிலும் பை உண்டு. உள்ளே கோழியும் காளானும்தான். சமையலறைக்குள் போய்ப் பார்க்க விரும்புபவர்கள் தாராளமாகப் பார்க்கலாம்.

பந்திக்கு முன் இரண்டு அறிவிப்புகள். ஜி6பிடி என்ற, ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி குறைவாக உள்ளவர்கள் ஃபாவாவைத் தொடவே கூடாது. ரத்த அணுக்கள் சிதையும் அபாயம் உண்டு. ஈரலை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூஸில் முட்டை பச்சையாகச் சேர்ந்திருக்கிறது. கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் சாப்பிட வேண்டாம், பக்கத்து நாற்காலி அம்மாள் எவ்வளவு வற்புறுத்தினாலும் சரி.