காற்று இறங்காமல் ஒரு பலூனை வெட்டுவது

நண்பர்களே, ஊதி வைத்த நீளப் பலூன் ஒன்றை நடுவில் வெட்டி இரண்டு பலூனாக்க வேண்டும். முடிச்சுப் போடக் கூடாது, காற்றும் இறங்கக் கூடாது. நம்மால் ஆகாது. ஈ.கோலை பாக்டீரியாவோ தீனியும் சூடும் தோதாக அமைந்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இதைச் செய்துவிடுகிறது.

அதன் உள்ளழுத்தம் சவ்வை எந்நேரமும் வெளியே தள்ளுகிறது. வெடிக்காமல் பிடித்து வைப்பது பெப்டிடோகிளைகான் என்ற வலை; இதுதான் செல்லின் சுவர். சர்க்கரைச் சங்கிலிகளை அமினோ அமிலத் துண்டுகளால் குறுக்கே முடிந்த, செல்லையே சுற்றிய கோணிப்பை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரியும் நேரத்தில் நடுவில் ஒரு புரதம் வளையம் கட்டும். பெயர் எஃப்டிஎஸ்-இசட், பெயர் வைத்தவர்களுக்குக் காது இல்லை போலும்! சுருக்குக் கயிறு மாதிரி அதுவே செல்லை இறுக்குகிறது என்றுதான் பலரும் எண்ணியிருந்தார்கள். 2017-இல் வந்த ஆய்வுகள் வேறு காட்சியைக் காட்டின. வளையம் முழுசாக இல்லை, துண்டு துண்டான இழைகள். ஒரு முனையில் புரதம் சேர, மறுமுனையில் கழல, இழை செல்லின் இடுப்பைச் சுற்றி ஊர்ந்துகொண்டே இருக்கிறது. சுவர் கட்டும் நொதிகளையும் கூடவே சுற்ற வைக்கிறது. கயிறு என்று நினைத்தது மேஸ்திரியாக இருந்திருக்கிறது!

செங்கல் உள்ளே தயாராகிறது: இரண்டு சர்க்கரை, ஐந்து அமினோ அமிலம், கொழுப்பு வால். சவ்வுக்கு வெளியே புரட்டப்பட்டதும் ஒரு நொதி அதைச் சங்கிலியில் சேர்க்கும், இன்னொன்று முடிச்சுப் போடும்.

ஆனால் கட்டுவதைவிட வெட்டுவதுதான் எனக்கு வியப்பு. நடுச்சுவர் பிரியப்போகும் இரு மகள் செல்களுக்கும் பொதுவாக எழுகிறது. அதைப் பிளக்கத் தனி நொதிகள் உண்டு. அவை இல்லாத பாக்டீரியாக்கள் பிரிய முடியாமல் சரம் சரமாக ஒட்டி நிற்கும்.

பெனிசிலின் புகுந்து கெடுப்பது முடிச்சுப் போடும் இடத்தில். அந்த ஐந்து அமினோ அமிலங்களில் கடைசி இரண்டின் சாயல் அதற்கு உண்டு. நொதி ஏமாந்து பற்றிக்கொள்ளும்; பிறகு விடுபடாது. நம் செல்களுக்கு இந்தச் சுவரே கிடையாது என்பதால் நாம் தப்பித்தோம்.

அதன் உறவுக்கார மருந்து செபலெக்சின், ஈ.கோலையில் நடுச்சுவர் முடிச்சை முக்கியமாகக் குறிவைக்கிறது. நுண்ணோக்கியில் பாருங்கள்: 2 மைக்ரோமீட்டர் குச்சி நீள்கிறது, நீள்கிறது, நூலாகிறது, பிரிய மட்டும் முடிவதில்லை. பிறகு ஓரிடம் மெல்லப் புடைக்கும். சுவர் எழுப்பத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன அதே நடுப்பகுதி. வெடிப்பதும் அங்கேதான்.