எட்டு போட்ட மறுநாள்

(ஒரு மேல்நிலைப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். ஐந்தரைக்கு டவுன் பஸ் இருக்கிறது என்று தலைமையாசிரியர் முதலிலேயே எச்சரித்துவிட்டார். அதனால் மேடையில் இருப்பவர்களின் பெயரையெல்லாம் அடுக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊரில் இன்னும் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றுதான் சொல்வார்கள். வரும் வழியில் டீக்கடைச் சந்தில் நிற்கிற வண்டிகளை எண்ணிப் பார்த்தேன். மாணவர்கள் பள்ளிக்குள் வண்டி கொண்டுவரக் கூடாது என்ற உத்தரவு பிரமாதமாக வேலை செய்கிறது. உள்ளே ஒன்றுகூட இல்லை. சந்தில் 31.

'பதினாறு வயசிலேயே லைசென்ஸ் உண்டே சார்' என்று சிலர் சொல்வீர்கள். உண்டுதான், 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு. அந்த வண்டியை எந்த ஷோரூமில் வாங்குவீர்கள்? டிவிஎஸ் 50 ஓடிய காலத்தில், 1988-இல் எழுதிய சட்டம் அது. இன்றைக்கு உரமூட்டை ஏற்றிப் போகிற எக்ஸ்எல்லே 100 சிசி. உங்கள் வீட்டு ஆக்டிவா 110-ஐ ஒட்டி. சட்டத்தில் பெஞ்சு போட்டு வைத்திருக்கிறார்கள், அதில் உட்கார வண்டிதான் இல்லை.

பேட்டரி ஸ்கூட்டருக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பதும் பாதி உண்மைதான். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் அந்தச் சலுகை. வேகத்தைக் கட்டுப்படுத்துகிற வயரைக் கழற்றிவிட்டால் அதுவும் மோட்டார் வாகனம்தான். எந்த வயர் என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் பையனுக்குத் தெரியும்.

2019-இல் சட்டத்தைத் திருத்தி 199ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றவரோ வண்டி உரிமையாளரோ குற்றவாளி. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை எல்.எல்.ஆர். கூடக் கிடையாது. 'எனக்குத் தெரியாது' என்று தப்பிக்க வேண்டுமானால், தெரியாது என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். சாவி ஆணியில் தொங்குகிற வீட்டில் அதை எப்படி நிரூபிப்பது? அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கட்டினாலும், லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியதைக் காட்டி அதை உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்க வழி இருக்கிறது. வீட்டுப் பத்திரம் வரைக்கும் வரும்.

2024 மே மாதம் புனேயில் நடந்ததைப் படித்திருப்பீர்கள். 17 வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் மோதி, பைக்கில் போன இரண்டு ஐ.டி. ஊழியர்கள் இறந்தார்கள். 300 வார்த்தையில் கட்டுரை எழுது என்பது உள்ளிட்ட நிபந்தனைகளோடு முதலில் ஜாமீன் கொடுத்தார்கள். நாடே கொதித்தது. எனக்குக் கட்டுரையைவிட இன்னொன்றுதான் உறுத்தியது. அவ்வளவு சக்தியுள்ள கார் அந்தப் பையன் கைக்கு எப்படிப் போனது?

சரி, பதினெட்டுக்குக் கீழே இருப்பவர்களை விடுங்கள். என் மனசில் இருக்கிற பெரிய குறை பதினெட்டைத் தாண்டியவர்களைப் பற்றியது. ஒரு பையன் அப்பாவின் 100 சிசி வண்டியில் வருவான். கால் ஊன்றாமல் எட்டு போடுவான். பாஸ் போட்டுவிடுவேன். அதே லைசென்ஸை வைத்துக்கொண்டு மறுநாள் அவன் 390 சிசி வண்டி ஓட்டலாம், 1000 சிசியும் ஓட்டலாம். 'கியர் உள்ள மோட்டார் சைக்கிள்' என்று சட்டத்தில் ஒரே வகைதான். எட்டு போடும்போது வண்டி இருபதைத் தாண்டாது. அவன் சாகப் போகிற வேகத்தை நான் பரிசோதிக்கவே இல்லை.

நாற்பதில் போகிறவன் அறுபதுக்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்கு. மோதலின் ஆற்றல் அப்படி ஏறாது, இரண்டேகால் மடங்கு ஆகிவிடும். பிளஸ் டூ இயற்பியல்தான் இது, உங்கள் பிள்ளைகளே கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். அறுபதில் ஒரு விநாடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல் ஓடிவிடும். நாய் குறுக்கே வருவதைப் பார்த்து மூளை 'பிரேக்' என்று சொல்வதற்குள் அந்தத் தூரம் போய்விட்டது.

மற்ற நாட்டிலும் பையன்கள் பையன்கள்தானே, அங்கே என்ன செய்கிறார்கள்? நியூசிலாந்தில் 1987-லேயே லைசென்ஸைப் படிப்படியாகக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், 25 வயதுக்குள் கார் ஓட்டக் கற்பவர் 120 மணி நேரம் ஓட்டிப் பழகியதைப் பதிவேட்டில் காட்ட வேண்டும், அதில் 20 மணி இரவில். டெஸ்ட் பாஸானதும் முழு லைசென்ஸ் வராது. முதலில் தற்காலிக லைசென்ஸுக்கு அடையாளமாக வண்டியில் சிவப்புப் 'பி' அட்டை, வேகம் 90-க்குள். அப்புறம் பச்சைப் 'பி', 100-க்குள். சொட்டு மது கூடாது. டன்னுக்கு 130 கிலோவாட்டைத் தாண்டிய சக்தியுள்ள காரைத் தொடக் கூடாது. மோட்டார் சைக்கிளுக்கும் அப்படித்தான்: 660 சிசிக்குள், எடைக்கு ஏற்ற சக்தி வரம்புக்குள் இருக்கிற வண்டிகளுக்கு ஒரு பட்டியல். புதியவர் அதற்குள்தான் ஓட்ட வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்த விதி இன்னொன்று. சிவப்பு அட்டைக்காரர் 25 வயதுக்குக் கீழே இருந்தால், இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை 21 வயதுக்குட்பட்ட ஒருவருக்கு மேல் ஏற்றக் கூடாது. குடும்பத்தினர் என்றால் விலக்கு உண்டு. அவர்கள் பயப்படுவது இருட்டுக்கு மட்டும் இல்லை, பின்னால் உட்கார்ந்து 'முறுக்குடா மச்சான்' என்கிற சத்தத்துக்கும்தான். தனியாகப் போகும்போது ஒழுங்காக ஓட்டுகிறவன்கூட டிரிபிள்ஸ் ஏறியதும் வேறு ஆளாகிவிடுகிறான்.

நம் சட்டத்தில் இந்தப் படிகள் எப்போது வரும் என்று தெரியாது. அதுவரை உங்கள் வீட்டில் நீங்கள்தான் ஆர்.டி.ஓ. எல்.எல்.ஆர். வாங்கியதும் ஆறு மாதம் பழைய வண்டிதான். இருட்டினால் சாவி உங்களிடம். பின்னால் ஆள் ஏற்றுவது அடுத்த வருஷம். கல்லூரியில் சேர்ந்ததற்குப் பரிசாகப் புது பைக் வேண்டாம். இதற்குப் பையன் மூன்று நாள் சாப்பிட மாட்டான். நான்காம் நாள் சாப்பிடுவான்.

இதைச் சொல்ல எனக்கும் முழு யோக்கியதை கிடையாது. என் மகன் இரண்டாவது படிக்கும்போது வண்டியின் டேங்க் மேல் உட்காரவைத்து, ஆக்சிலேட்டரைப் பிடிக்கவிட்டு, தெருவே பார்க்க ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன், காக்கிச் சட்டையோடு. எட்டாவது படிக்கும்போது அவன் தானாகச் சாவியை எடுத்தான். முட்டியில் ஏழு தையலோடு போனது. அவனை அடிக்கக் கை ஓங்கினேன், என் மனைவி ஒரு பார்வை பார்த்தாள். கை இறங்கிவிட்டது.

பேசி முடித்ததும் மூன்றாவது வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்து கேட்டார். "டியூஷன் நாலு கிலோமீட்டர் தள்ளி சார். ராத்திரி எட்டரைக்கு மேல பஸ் இல்ல. பொண்ணை சைக்கிள்ல அந்த இருட்டுல அனுப்பச் சொல்றீங்களா?"

இல்லை அம்மா, அப்படிச் சொல்ல மாட்டேன். டியூஷனை ஏழரைக்கு முடிக்கச் சொல்லிக் கேட்கலாம். ஒன்பது மணிக்கு ஒரு பஸ் விடச் சொல்லி டெப்போவில் மனு கொடுக்கலாம். அந்த டியூஷனுக்கு இங்கிருந்து எத்தனை பிள்ளைகள் போகிறார்கள்? கையைத் தூக்குங்கள். பதினாறா, பதினேழா... சார், ஒரு வெள்ளைத் தாள் கொடுங்கள், மனுவை இப்போதே எழுதிவிடலாம்.