மாசக் கடைசி

வணக்கம். "சேல்ஸ் வேலைக்கு வருகிற பையன்கள் ஏன் ஆறு மாதம்கூடத் தங்குவதில்லை, அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள்" என்று கேட்டிருந்தார்கள். பேசலாம். பதினோரு வருஷம் பைக்கில் லைன் அடித்தவன் நான், அதாவது கடை கடையாகப் போய் ஆர்டர் எடுத்தவன், குடியாத்தம், பேரணாம்பட்டு, ஒடுகத்தூர், அணைக்கட்டு, ஆம்பூர் என்று. அப்புறம் ஒன்பது வருஷம் ஏரியா மேனேஜர். இப்போது காட்பாடியில் சின்னதாக ஒரு மளிகைக் கடை. ஆக, திட்டு வாங்கியிருக்கிறேன், திட்டியிருக்கிறேன், இப்போது திட்டு வாங்கிவிட்டு வருகிற பையனுக்கு டீ சொல்லிக்கொண்டிருக்கிறேன். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். சோப்பு, பிஸ்கட் விற்கிற இடங்களில் இந்த ஒரு விஷயத்தில் நான் பெரிய வித்தியாசம் பார்த்ததில்லை.

சம்பளம் போதவில்லை, அதனால் போகிறார்கள் என்பார்கள். அதுவும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்து ஓடிப்போன பையன்களில் பலர் அதே சம்பளத்துக்கோ அதைவிடக் குறைவாகவோதான் வேறு வேலைக்குப் போனார்கள். ஒருவன் சாப்பாடு டெலிவரிக்குப் போனான். அந்த வெயிலில் அதே பைக், அதே பெட்ரோல், எதற்குடா போனாய் என்று கேட்டேன். "அங்க யாரும் பொய் சொல்லச் சொல்றதில்லண்ணா" என்றான்.

அவன் சொன்ன பொய் என்னவென்று விளக்க ஆம்பூரை எடுத்துக்கொள்கிறேன். தோல், ஷூ ஃபேக்டரிகளை நம்பி இருக்கிற ஊர். அங்கே சம்பளம் ஏழாம் தேதிக்குள் வரும், பெரிய ஃபேக்டரி என்றால் என் காலத்தில் பத்தாம் தேதிக்குள். 1936-ல் போட்ட ஊதியச் சட்டமே அந்தக் கெடுவைத்தான் வைத்தது. சம்பளம் வந்ததும் கடையில் பழைய கணக்குத் தீரும், புதிதாகச் சாமான் போகும், பதினைந்தாம் தேதி வரை கடைவீதி கலகலவென்று இருக்கும். இருபதுக்கு மேல் கடன் நோட்டு தடிக்கும், கல்லா மெலியும். பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கமும் ஏறக்குறைய இதே கதைதான். குடியாத்தத்தில் கணக்கே வேறு, பீடி, தீப்பெட்டி, தறி என்று வாரக்கூலிக்காரர்கள் அதிகம். ரம்ஜான் மாதம் வந்தால் வாணியம்பாடியில் காலையில் போய் நின்று பயனில்லை, வியாபாரம் ராத்திரிக்கு மாறிவிடும். இதெல்லாம் லைனுக்குப் போகிற இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு இரண்டே மாதத்தில் தெரிந்துவிடுகிறது. ஆனால் கம்பெனியின் மாதம் முப்பதாம் தேதிதான் முடியும், டார்கெட்டில் பாதியைக் கடைசி ஐந்து நாளில்தான் நெருக்கிக் கேட்பார்கள். கடைக்காரரிடம் காசே இல்லாத ஐந்து நாளில்.

முடியாது என்று சொல்ல முடியாது. அதனால் என்ன செய்வோம்? பேரணாம்பட்டில் எனக்குப் பழக்கமான பாய் ஒருவர் இருந்தார், கடைக்குப் பின்னால் ஒரு காலி அறை. இருபத்தொன்பதாம் தேதி ராத்திரி அவர் ஷட்டரைப் பாதி இறக்கும்போது போய் நிற்பேன். என் முகத்தைப் பார்த்தே "இன்னா சார், மாசக் கடைசியா?" என்பார். பதினைந்து பெட்டி சோப்பை அவர் பெயரில் பில் போட்டு அந்த அறையில் இறக்குவேன், பத்துப் பெட்டியை மூன்றாம் தேதிக்குள் திருப்பி எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. எடுத்து எங்கே கொண்டுபோவது? வேலூர் ஹோல்சேல் கடையில் பெட்டிக்கு முப்பது, நாற்பது ரூபாய் குறைத்துத் தள்ளிவிடுவேன். குறைந்த பணம் என் பாக்கெட்டிலிருந்து. இதற்கு எங்கள் பாஷையில் டம்ப் பண்ணுவது என்று பெயர்.

அதோடு போனால்கூடப் பரவாயில்லை. ஹோல்சேலில் மலிவாகக் கிடைக்கிறது என்று தெரிந்ததும் என் லைன் கடைக்காரர்கள் என்னிடம் வாங்குவதை நிறுத்துவார்கள், "உன்னை விட மார்க்கெட்டுல கம்மியா தர்றான்பா" என்பார்கள். அந்த மார்க்கெட்டுக்குக் கொடுத்தவனே நான்தான், அதை வெளியில் சொல்ல முடியுமா? அடுத்த மாதம் சேல்ஸ் இன்னும் படுக்கும், டார்கெட் மட்டும் பத்து சதவீதம் ஏறியிருக்கும். போன மாதம்தான் முழுசாக அடித்துக் காட்டிவிட்டேனே!

ஒரு தடவை மே மாதம் சாக்லெட் டார்கெட் வந்தது. கத்திரி வெயிலில், வேலூருக்கு! சாக்லெட் சுமார் 34 டிகிரியில் இளக ஆரம்பிக்கும், இங்கே நாற்பதைத் தாண்டாத நாள்தான் நமக்குக் குளிர்காலம். கடையில் ஃப்ரிட்ஜ் இருக்கிறதே என்றார்கள். கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரி அதை அணைத்துவிட்டுப் போகிற கடைகள் எத்தனை என்று லைனுக்குப் போகிறவனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். கேட்கவில்லை. ஜூன் மாதம் உருகி உறைந்து வெள்ளை பூத்த சாக்லெட் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது, அதற்கும் விளக்கக் கடிதம் எங்களிடம்தான் கேட்டார்கள்.

இப்போதைய பையன்களுக்கு இதற்கு மேல் போன் வேறு. காலை ஒன்பதரைக்குள் முதல் கடை வாசலில் நின்று செல்ஃபி போட வேண்டும், லொகேஷன் கொஞ்சம் தள்ளிக் காட்டினால் ஆப்சென்ட். சாயங்காலம் வாட்ஸ்அப் குரூப்பில் பட்டியல் வரும், மேலே மூன்று பேருக்குக் கைதட்டல், கீழே இருக்கிறவர்களின் பெயர் சிவப்பில். என் காலத்தில் மேனேஜர் நேரில் திட்டுவார், கெட்ட வார்த்தைகூட வரும், ஆனால் திட்டிவிட்டு அவரே டீ வாங்கிக் கொடுப்பார், மறந்துபோகும். சிவப்பு எழுத்து அப்படி மறக்காது. எனக்குத் தெரிந்த ஒருவரின் போனில் விளையாடிக்கொண்டிருந்த பெண் குழந்தை, இரண்டாம் வகுப்பு, "அப்பா, உன் பேரு மட்டும் ஏம்ப்பா ரெட்ல இருக்கு?" என்று கேட்டிருக்கிறது. ஸ்கூலில் தப்புக்குத்தானே ரெட் என்று அதற்குத் தெரியும். அவர் அந்த வாரமே பேப்பர் போட்டுவிட்டார்.

சரி, மேனேஜர்களை மட்டும் திட்டிவிட்டுப் போகலாம் என்றால் நானும் மேனேஜராக இருந்தவன். புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு லாட்ஜ் ஹாலில் ரிவ்யூ மீட்டிங். அணைக்கட்டு லைன் பார்த்த பையன் எழுந்து, "சார், அந்த நாலு கடையிலயும் போன மாசம் போட்டதே அப்படியே இருக்கு, இன்னும் போட்டா எக்ஸ்பயரிதான் வரும்" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்குக் காரணம் வேண்டாம், நம்பர் சொல்லு." எனக்கு மேலே இருந்தவர் என்னிடம் காலையில் சொன்ன அதே வாக்கியம், ஒரு எழுத்து மாறவில்லை. அவன் ஒரு நம்பர் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். நாலு மாதம் கழித்து எக்ஸ்பயரி வந்தது, கெட்டுப்போன சரக்குக்குக் கம்பெனி கிளைம் தரவில்லை, கம்பெனியிடம் வாங்கிக் கடைகளுக்குச் சரக்கு போடுகிற டிஸ்ட்ரிபியூட்டர் அந்தப் பணத்தை அவன் சம்பளத்தில் பிடித்தார். பிடித்தம் சீட்டில் ஏரியா மேனேஜர் கையெழுத்து ஒன்று வேண்டும். போட்டேன். அன்றைக்குப் பிறகு என் மீட்டிங்குகளில் யாரும் உண்மை பேசவில்லை, எல்லாரும் நம்பர்தான் சொன்னார்கள், நானும் நல்ல டீம் அமைந்துவிட்டது என்று கொஞ்ச காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலூர்க்காரன் எதைப் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் கோட்டையில் போய்த்தான் முட்டுவான், மன்னிக்கவும். 1806 ஜூலை 10 கலகம் எல்லாருக்கும் தெரியும். அதற்கு இரண்டு மாதம் முன்பே, மே மாதத்திலேயே, இந்தப் புதுத் தலைப்பாகை எங்களுக்கு ஆகாது என்று சிப்பாய்கள் சொல்லிப் பார்த்தார்கள். சொன்னவர்களுக்குக் கிடைத்தது கசையடி. சோப்பு கம்பெனியையும் அதையும் ஒப்பிடக் கூடாது, எனக்கும் தெரியும், ஆனால் லாட்ஜ் ஹாலில் உட்கார்ந்த அந்தப் பையனின் முகம் ஞாபகம் வரும்போதெல்லாம் இதுவும் சேர்ந்து வருகிறது.

சட்டம் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். விற்பனைப் பிரதிநிதிகளுக்கென்று 1976-ல் ஒரு சட்டம் வந்தது. முதலில் மருந்துக் கம்பெனிக்காரர்களுக்கு, அவர்கள் சங்கம் வைத்துப் போராடி வாங்கியது. சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கம் டை கட்டிக்கொண்டு பையோடு நிற்கிறார்களே, அவர்கள்தான். பிறகு 2011-ல் சோப்பு, பிஸ்கட், குளிர்பானம், பெயின்ட் என்று வேறு தொழில்களுக்கும் நீட்டினார்கள். நியமனக் கடிதம் கொடுத்தே ஆக வேண்டும் என்பது அதில் முக்கியம். இப்போது அது புதிய சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிற ஊதியத் தொகுப்பின்படி, வேலையை விட்டவனுக்குச் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். நடப்பில் என்ன? டிஸ்ட்ரிபியூட்டரிடம் பாக்கி இல்லை என்று எழுதி வாங்கி வா என்று மூன்று மாதம் அலைய விடுகிறார்கள். பாதிப் பேர் கம்பெனியின் சம்பளப் பட்டியலிலேயே இல்லை, ஏதோ ஒரு ஏஜென்சி பெயரில் சம்பளம் வருகிறது. தம்பிகளுக்கு ஒன்றுதான் சொல்வேன், சேரும்போதே கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள், பி.எஃப். எண்ணைக் கேட்டு மாதாமாதம் பாஸ்புக் பாருங்கள், டம்ப் பண்ணச் சொன்னால் அதை வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள். எழுதிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. வராததும் ஒரு நாள் உதவும்.

போன மாதம் இருபத்தெட்டாம் தேதி என் கடைக்கே ஒரு பையன் வந்தான். புதுசு, ஹெல்மெட் தடம் நெற்றியில் அப்படியே இருக்கிறது. "அண்ணா, அஞ்சு பெட்டி மட்டும், மூணாந்தேதி எடுத்துக்கறேன்" என்றான். வேண்டாம்பா, இதெல்லாம் எனக்குத் தெரியும் என்று ஆரம்பித்தேன், அதற்குள் அவன் போன் அடித்தது. காதில் வைத்தான். அந்தப் பக்கம் பேசுவது எனக்கே கேட்டது. "ஆச்சு சார், ஆச்சு சார்" என்றான், என்னைப் பார்த்துக்கொண்டே. நான் பேனாவை எடுத்தேன்.

இன்று பதினொன்றாம் தேதி. பெட்டிகள் மாடிப்படிக்குக் கீழேதான் இருக்கின்றன. நேற்று அந்த லைனுக்கு வேறொரு பையன் வந்தான், முந்தினவன் நின்றுவிட்டானாம். அந்த ஐந்து பெட்டியைப் பற்றி இவனுக்கு ஒன்றும் தெரியவில்லை, நானும் டீயை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டேன்.